உயர் மின்னழுத்தக் கோளாறு, படக்குழாய்த் தொலைக்காட்சியில்

வண்ணப் படக்குழாயின் ஆனோடுக்கு ஏறத்தாழ 20 முதல் 25 கிலோவோல்ட் வேண்டும். அதைத் தருவது லைன் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர், அதாவது எல்.ஓ.டி. திரை இருண்டதும் எல்.ஓ.டி.யை மாற்றுவது பரவலான வழக்கம். உண்மையில் அது கடைசியாகச் சந்தேகிக்க வேண்டிய உறுப்பு. குழாயின் கழுத்துக்குள் இழை செம்மஞ்சளாக எரிகிறதா என்று முதலில் பார்க்கவேண்டும். பெரும்பாலான பெட்டிகளில் அந்த இழைக்கும் எல்.ஓ.டி.யே மின்சாரம் தருவதால், எரிந்தால் லைன் பகுதி இயங்குகிறது என்று பொருள். எரியாவிட்டால் லைன் பகுதிக்கான நேர் மின்வழங்கலாகிய, 110 வோல்ட்டை ஒட்டிய பி-பிளஸ் வருகிறதா, லைன் அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட்டா என்று அளக்கவேண்டும்.

புதிதாகப் போட்ட டிரான்சிஸ்டரும் நொடியில் போய்விடுகிறதே, அப்படியானால் எல்.ஓ.டி.தானே காரணம் என்று கேட்கலாம். உட்சுருள் ஷார்ட் ஆவதும் உண்டுதான். ஆனால் டிரான்சிஸ்டரின் கலெக்டரில் உள்ள 1.6 கிலோவோல்ட் கெபாசிட்டரின் மதிப்பு குறைந்தாலும் துடிப்பு எகிறி அதே சேதம் நேரும். சில ரூபாய்ப் பொருள் அது. பி-பிளஸ் வழியில் 60 வாட் குண்டு பல்பைத் தொடராக இணைத்துச் சோதித்தால் டிரான்சிஸ்டர் பெரும்பாலும் தப்பும். ஆனோடுத் தொப்பியைக் கழற்றுமுன், குழாயின் புறப்பூச்சைத் தொட்டோடும் பின்னல் கம்பிக்கே மின்னேற்றத்தை இறக்கவேண்டும், சேசிஸுக்கு அல்ல. சற்று நேரத்தில் மின்னேற்றம் ஓரளவு திரும்பும் என்பதால் மறுமுறையும் இறக்குவது அவசியம்.