இடிபாடு என்று யார் சொன்னது?

பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பிய ஓவியர்களுக்கு இடிபாடுன்னா கொள்ளை ஆசை. 1738-ல் ஹெர்குலேனியத்தையும் 1748-ல் பொம்பெயியையும் தோண்ட ஆரம்பித்ததும் அது இன்னும் கூடிப்போச்சு. பிரானேசி, ரோமின் உடைந்த வளைவுகளைச் செப்புத் தகட்டில் செதுக்கித் தள்ளினார். பிரான்ஸில் வியென், கிரேக்கப் பெண்கள் தூபம் போடுவதை வரைந்தார். ஆனால் அந்தப் பூசையை அவர் எங்கே பார்த்தார்? அது நின்று ஆயிரம் வருஷத்துக்கு மேல ஆகியிருந்தது. கல் நிஜம், சடங்கு கற்பனை.

இந்த ரசனையில் வளர்ந்த கண்ணோடுதான் தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் 1786-ல் கல்கத்தாவில் வந்து இறங்கினார்கள். 1792-ல் சென்னை வந்து தெற்கே சுற்றினார்கள். 1795 முதல் 1808 வரை லண்டனில் வெளியான அவர்களுடைய 144 படங்களில் மாமல்லபுரமும் உண்டு. அழகான படங்கள், மறுக்க மாட்டேன்.

என் தகராறு படத்தோடு இல்லை, 'இடிபாடு' என்கிற சொல்லோடுதான். டேனியல்கள் வருவதற்கு முன்பே, 1788-ல், வில்லியம் சேம்பர்ஸ் மாமல்லபுரம் பற்றி எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே அந்தச் சொல் இருக்கு. அங்கே இருக்கிற ரதங்களும் குகைகளும் பல இடிந்தவை அல்ல, செதுக்கி முடிக்காமல் விட்டவை. இரண்டும் ஒன்றாகுமா? அர்ச்சுனன் தபசிலிருந்து நாலு எட்டு வைத்தால் தலசயனப் பெருமாள் கோயில். திருமங்கையாழ்வார் பாடிய தலம், இன்னிக்கும் பூசை நடக்குது. ரோமில் ஓவியர் கற்பனை பண்ண வேண்டியிருந்தது இங்கே கண்ணெதிரே நடந்துகொண்டிருந்தது.

தாம்பரத்துக்காரங்க மாமல்லபுரம் வரைக்கும் கூடப் போக வேண்டாம். மின்சார ரயிலில் குரோம்பேட்டை தாண்டினா பல்லாவரம். ஏழாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் அங்கே மலையைக் குடைந்து ஒரு கோயில் எடுத்தான். தன் பட்டப்பெயர்களை எல்லாம் கல்லில் வரிசையாக வெட்டி வைத்தான். மனுஷனுக்குப் பட்டப்பெயர் மேல அவ்வளவு ஆசை!

அந்தக் குகை இப்போ தர்கா. சாமி மாறியது, வழிபாடு நிற்கவில்லை. தொல்லியல் பார்வையில் இதை 'உருமாறிப் போன சின்னம்' என்று வருத்தத்தோடு சொல்லலாம். எனக்கு அப்படித் தோணலை. பல்லவன் தூணையும் எழுத்தையும் பார்க்கணும்னா அங்கே செருப்பைக் கழற்றிட்டுத்தான் உள்ளே போகணும்.