கம்பம் பள்ளத்தாக்கின் முன்கோடை வானிலை

கம்பம் பள்ளத்தாக்கு தேனி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கும் நீண்ட சமவெளி. தெற்கே லோயர் கேம்ப், கூடலூரில் தொடங்கி கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் வழியாக வடகிழக்கே தேனியை நோக்கி நீள்கிறது. மேற்கே கேரளத்தின் ஏலமலை, கிழக்கே மேகமலை, வடக்கே கொடைக்கானல் மலை. மார்ச் தொடக்கம் முதல் மே நடு வரையுள்ள நாட்களை இங்கே முன்கோடை எனலாம். இந்திய வானிலை ஆய்வுத் துறை மார்ச், ஏப்ரல், மே மூன்றையும் சேர்த்துப் பருவமழைக்கு முந்தைய காலமாகக் கணக்கிடுகிறது.

வெயில்

உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். மலையடிவாரத்திலுள்ள பெரியகுளம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர் உயரத்திலும், கொடைக்கானல் 2,100 மீட்டரிலும் இருக்கின்றன. நேர்கோட்டில் இரண்டுக்கும் இடையே இருபது கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் உயரத்தின் கணக்கே சுமார் 12 டிகிரி வித்தியாசம் வருகிறது. மலைமேல் மேகமும் காடும் அதை இன்னும் கூட்டும். ஏப்ரல் மதியம் பெரியகுளத்தில் 35 டிகிரியைத் தாண்டும்போது கொடைக்கானலில் 20 டிகிரியை ஒட்டியே இருக்கும். வெப்ப அலை அறிவிப்புக்கு வானிலைத் துறை முதலில் பார்க்கும் அளவு சமவெளியில் 40 டிகிரி, மலையில் 30 டிகிரி என்று வேறுபடுவதும் இதனால்தான்.

கோடை மழை

பகலில் மலைச்சரிவு விரைவாகச் சூடேறுவதால் பள்ளத்தாக்குக் காற்று சரிவு வழியே மேலேறும். இரவில் குளிர்ந்த காற்று கீழிறங்கும். இது அன்றாடம் நடப்பது. கடலிலிருந்து ஈரக்காற்று வந்து சேரும் நாட்களில், குறிப்பாகக் கிழக்குக் காற்றும் மேற்குக் காற்றும் தென்னிந்தியாவின் மேல் சந்திக்கும் நாட்களில், இந்த ஏற்றமே இடிமேகத்தை எழுப்புகிறது. காலையில் வெறும் வெயில். மதியத்துக்குமேல் மலை முகட்டில் மேகம் திரளும். மாலையில் சூறைக்காற்று, இடி, மழை, சில நாள் ஆலங்கட்டி. ஓர் ஊரில் கொட்டித் தீர்க்கும் மழை அடுத்த ஊரில் தூறலாகக்கூட விழாமல் போவது வழக்கம்.

இந்த மழையை வரவேற்பவர்களும் அஞ்சுபவர்களும் அருகருகே வாழ்கிறார்கள். மலையில் காபிச் செடி பூக்க ‘பூ மழை’ வேண்டும். ஏலத்தோட்டத்துக்குக் கோடை ஈரம் உயிர். 2024 ஏப்ரலில் வறட்சியும் வெயிலும் சேர்ந்து இடுக்கி மாவட்ட ஏலத்தோட்டங்களைக் கருக்கின. கீழே பள்ளத்தாக்கிலோ, மழைக்கு முன்னால் வரும் காற்று குலை தள்ளிய வாழையை ஒரே மாலையில் சாய்த்துவிடும். பழுத்த திராட்சையில் மழை பட்டால் பழம் வெடிக்கும், பூஞ்சண நோய் பரவும். புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை ஆண்டு முழுதும் அறுவடையாவதால், எந்த மாதத்து மழையும் யாரோ ஒருவருடைய பந்தலில் பழுத்த பழத்தின் மேல்தான் விழுகிறது.

ஆபத்துகள்

மார்ச் மாதத்தில் மழையைவிடத் தீயே பெரிய கவலை. மலைச்சரிவில் காய்ந்த புல் எளிதில் பற்றும். பகல் காற்று மேல்நோக்கி வீசுவதால் தீ சரிவில் மனிதர் ஓடும் வேகத்தைவிட விரைவாக ஏறக்கூடும். 2018 மார்ச் 11 அன்று போடிநாயக்கனூருக்கு மேலே குரங்கணி மலையில் பரவிய தீயில் மலையேற்றத்துக்குச் சென்ற 20-க்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

ஏப்ரல், மே மாதங்களில் ஆபத்து தண்ணீராக மாறுகிறது. கொடைக்கானல் மலையில் பெய்யும் மழை, மலையடிவாரத்தில் ஒரு துளிகூட விழாத நேரத்தில், கும்பக்கரை அருவியில் வெள்ளமாக இறங்கும். அப்போதெல்லாம் வனத்துறை குளிக்கத் தடை விதிக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே இன்னும் தெற்கே, குற்றாலம் பழைய அருவியில் 2024 மே 17 அன்று திடீர் வெள்ளம் ஒரு சிறுவனை அடித்துச் சென்று கொன்றது. அருவியில் நிற்பவர் தலைக்கு மேலுள்ள வானத்தை மட்டும் பார்ப்பது போதாது. மலை முகட்டில் மேகம் கறுத்தாலோ, தண்ணீர் கலங்கினாலோ உடனே கரையேற வேண்டும்.

முன்னறிவிப்பைப் படிப்பது

மார்ச் முதல் மே வரைக்குமான கணிப்பை வானிலைத் துறை பிப்ரவரி இறுதியையொட்டி வெளியிடுகிறது. வெப்பமும் மழையும் இயல்பைவிடக் கூடவா குறைவா என்பதற்கான வாய்ப்பை மட்டுமே அது சொல்லும். எல் நினோ வலுத்த குளிர்காலத்தைத் தொடரும் கோடை பெரும்பாலும் கடுமையாக இருக்கும். 2024 அதற்கு அண்மைச் சான்று. ஆனால் எந்த மாலையில் எந்தச் சரிவில் மழை விழும் என்பதை மூன்று மாதக் கணிப்பில் தேடிப் பயனில்லை. அன்றன்றைய அறிக்கையையும் சில மணி நேரத்துக்கான எச்சரிக்கையையுமே நம்ப வேண்டும். ரேடார் கதிரை மலை மறைப்பதால் அவற்றிலும் சில தாழ்ந்த மேகங்கள் தப்பிவிடும்.

மாவட்ட எச்சரிக்கை ‘தேனி மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் இடியுடன் மழை’ என்றால், அந்த ஓரிரு இடங்கள் பெரும்பாலும் மலையும் மலையடிவாரமும்தான். கம்பத்தில் குடியிருந்து வண்டன்மேட்டுப் பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர் சென்னை வானிலை மையத்தின் அறிக்கையோடு, இடுக்கிக்கான திருவனந்தபுரம் மையத்தின் அறிக்கையையும் பார்த்தாக வேண்டும். மலை முகட்டில் மாநில எல்லை இருக்கிறதே தவிர, மேகத்துக்கு எல்லை இல்லை.

பருவ மாற்றம்

கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் இயல்பான நாள் ஜூன் 1. அதன்பின் பள்ளத்தாக்குக்கு வருவது பலத்த மேல்காற்றும், கூடலூர்ப் பக்கம் சாரலும்தான். பெருமழை மலைக்கு அப்பால் நின்றுவிடும். அந்த மழையை இந்தப் பக்கம் கொண்டுவருவது 1895-இல் திறக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணை. கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல் வயலுக்கு வழக்கமாக ஜூன் 1 அன்று தண்ணீர் திறக்கிறார்கள். அணையில் நீர் போதாத ஆண்டுகளில் அந்தத் தேதி தள்ளிப்போகிறது.