ஒரு ராத்திரி, 102 டன், மூணு பேர்

இந்த வாரக் கதைக்கு முன்னாடி ஒரு சின்ன வாக்குமூலம்.

சில வருஷம் முன்னாடி, நான் வேலை பார்த்த ஒரு கம்பெனியில எனக்கு 'ஸ்டார் ஆஃப் த குவார்ட்டர்' விருது குடுத்தாங்க. ஒரு பெரிய ரிலீஸை ரெண்டே வாரத்துல முடிச்சதுக்காக. மேடை, கைதட்டல், கிஃப்ட் வவுச்சர் எல்லாம் உண்டு. ஆனா அந்த ரெண்டு வாரமும் நான் கோட் மட்டும்தான் எழுதினேன். டெஸ்டிங், சர்வர் பிரச்சனை, ராத்திரி கஸ்டமர் கால் எல்லாத்தையும் டீம்ல இருந்த ரெண்டு பேர் பார்த்துக்கிட்டாங்க. மைக் என் கையில இருந்தப்போ அவங்க பேரை நான் சொல்லல. அடுத்த குவார்ட்டர்ல இருந்து எல்லா டீமுக்கும் அதே ரெண்டு வாரம்தான் டெட்லைன்.

கிட்டத்தட்ட இதே கதை 1935-ல சோவியத் யூனியன்ல நடந்திருக்கு.

இடம், இன்றைய உக்ரைனின் டான்பாஸ் பகுதியில் உள்ள சென்ட்ரல் இர்மினோ நிலக்கரிச் சுரங்கம். 1927-ல கிராமத்துல இருந்து அங்க வேலைக்கு வந்தவர் அலெக்ஸேய் ஸ்டக்கானோவ். ஆகஸ்ட் 30 ராத்திரி ஆரம்பிச்ச ஷிஃப்டுல, ஆறு மணி நேரத்துக்கும் குறைவா, 102 டன் நிலக்கரி வெட்டினார். ஒரு ஷிஃப்டுக்கான இலக்கு வெறும் 7 டன். அதாவது 14 மடங்குக்கும் மேல!

எப்படி முடிஞ்சுது? வழக்கமா சுரங்கத் தொழிலாளி கொஞ்ச நேரம் வெட்டுவார். அப்புறம் வெட்டுறதை நிறுத்திட்டு, மேல இருக்கிற பாறை இடிஞ்சு விழாம இருக்க மரக்கட்டையால முட்டுக்கொடுப்பார். திரும்பவும் வெட்டுவார். அன்னைக்கு அந்தச் சுரங்கத்தின் கட்சி அமைப்பாளர் பெத்ரோவ் வேலையைப் பிரிச்சார். ஸ்டக்கானோவ் வெட்டிக்கிட்டே போகணும். பின்னாடியே ஷிகோலெவ், போரிசென்கோ ரெண்டு பேரும் முட்டுக்கொடுத்துக்கிட்டே வரணும்.

உண்மையான கண்டுபிடிப்பு இந்த வேலைப் பிரிவினைதான். ஆனா சாதனை ஒருத்தர் பேர்லதான் பதிவாச்சு. ஷிஃப்ட் முடிஞ்ச உடனே சுரங்கத்தின் கட்சிக் குழு கூடி முடிவெடுத்தது. கௌரவப் பலகையில் பெயர், ஒரு மாதச் சம்பளம் போனஸ், டெலிபோனோட வீடு. எல்லாம் ஸ்டக்கானோவுக்கு. அந்த டிசம்பர்ல அமெரிக்காவின் டைம் பத்திரிகை அட்டையிலயே அவர் படம் வந்துச்சு.

ஒரு விஷயத்தை நியாயமா சொல்லணும். பூமிக்கு அடியில, இருட்டுல, யாருமே பார்க்காத வேலை செய்யற ஒருத்தரை நாடே திரும்பிப் பார்க்குதுன்னா, அது சாதாரண விஷயமில்ல. நாடு முழுக்க நிறைய தொழிலாளிகள் உண்மையான உற்சாகத்தோடதான் 'ஸ்டக்கானோவைட்' ஆக முயற்சி பண்ணாங்க.

ஆனா 1936-ல பல தொழில்கள்ல இலக்கையே உயர்த்திட்டாங்க. அங்க நிறைய பேருக்குக் கூலி, செய்யற வேலையோட அளவை வச்சுதான். அப்போ பழைய கூலியை வாங்கணும்னாலே முன்னைவிட அதிகமா உழைக்கணும். நல்ல கருவிகளும் உதவியாட்களும் கிடைச்ச ஒருத்தரோட சாதனை, அது எதுவுமே கிடைக்காதவங்க தலையில பாரமா இறங்குச்சு. கோபம் மேலிடத்து மேல திரும்பல, திரும்பவும் முடியாது. பக்கத்துல நின்னு வேலை பார்த்த ஸ்டக்கானோவைட் மேல திரும்புச்சு. அடிதடி வரைக்கும் போன இடங்களும் உண்டு.

பாராட்டு தப்புன்னு நான் சொல்ல வரல. யாரைப் பாராட்டுறோம், அந்தப் பாராட்டுக்கான பில் அடுத்த மாசம் யார் கைக்குப் போகுது? இந்த ரெண்டையும் சேர்த்துப் பார்க்கணும்.

1978-ல அந்தச் சுரங்க நகரத்துக்கே ஸ்டக்கானோவ்னு பேர் வச்சாங்க. முட்டுக்கொடுத்த ரெண்டு பேரையும், இந்த எபிசோடுக்காகப் படிக்கிற வரைக்கும் நான் கேள்விப்பட்டதே இல்ல.

போன வாரம் என் பழைய டீம் ஆளுங்க ரெண்டு பேருக்கும் மெசேஜ் அனுப்பினேன், இங்க உங்க பேரைச் சொல்லலாமான்னு. ஒருத்தன், "இப்ப எதுக்குடா?"ன்னு கேட்டான். இன்னொருத்தர் இன்னும் பதில் போடல.

அடுத்த வாரம் சந்திப்போம்.