ஏற்ற துணை: ஒரு சொல்லின் இறையியல் வரலாறு

ஆண், பெண் உறவு குறித்த கிறித்தவ இறையியல் சிந்தனைகள் பழைய ஏற்பாட்டின் முதல் நூலாகிய ஆதியாகமத்தின் முதலிரு அதிகாரங்களுக்கே மீண்டும் மீண்டும் திரும்புகின்றன. முதல் அதிகாரத்தில் ஆணும் பெண்ணும் ஒருசேர இறைச்சாயலில் படைக்கப்படுகின்றனர். இரண்டாம் அதிகாரத்தில், மனிதனின் தனிமை நீங்கப் பெண் ‘ஏற்ற துணை’யாக உருவாக்கப்படுகிறாள். துணை என்பவர் நிகரானவரா, அடுத்த நிலையினரா? இவ்வினா பல நூற்றாண்டுகளாக வழக்கில் உள்ளது.

எபிரேய மூலத்தில் உள்ள தொடர் ‘ஏசெர் கெநெக்தோ’ என்பதாகும். ஏசெர் என்பது உதவி. பழைய ஏற்பாட்டில் ஏறத்தாழ 20 இடங்களில் பயிலும் இச்சொல், பெரும்பாலும் இறைவன் தன் மக்களுக்கு அளிக்கும் உதவியையே சுட்டுகிறது. நம்மிடையே வழங்கும் எபெனேசர், எலியேசர் ஆகிய பெயர்களின் ஈற்றில் நிற்பதும் இச்சொல்லே. கெநெக்தோ என்பது ‘அவனுக்கு நேராக’, ‘அவன் முன்னிலையில் ஒப்ப’ எனப் பொருள்படும். ஆகவே, இத்தொடரின் சொற்பொருளில் தாழ்வு இல்லை.

தாழ்வுப் பொருள் உரையாசிரியர்களின் வழியே வலுப்பெற்றது. அகுஸ்தீனார் (354–430), பெண் எதற்கு உதவி என வினவி, மகப்பேற்றுக்கே என விடை கண்டார். 13ஆம் நூற்றாண்டில் தோமா அக்குவினார் அதனை வழிமொழிந்து, பிற பணிகளுக்கு ஆணுக்கு மற்றோர் ஆணே சிறந்த உதவி என்றார். 1611ஆம் ஆண்டு ஆங்கில மொழிபெயர்ப்பில் ‘ஹெல்ப்’, ‘மீட்’ என இரு சொற்கள் இருந்தன. ‘மீட்’ என்பதன் பொருள் ‘ஏற்ற’ என்பதே. பின்னாளில் அவ்விரண்டும் ஒரே சொல்லாக ஒட்டிவிட, ‘ஏற்ற’ என்னும் அடையின் பொருள் மங்கிற்று.

1838இல் அமெரிக்காவின் சாரா கிரிம்கே, இவ்வதிகாரங்களைக் கொண்டே இருபாலின் நிகர்மையை நிறுவ முனைந்தார். 1978இல் பிலிஸ் டிரிபிள் எபிரேயச் சொல்லாய்வின் வழி அதனை வலியுறுத்தினார். மாறாக, 1987ஆம் ஆண்டு டான்வர்ஸ் அறிக்கை, இருவரும் இறைவன்முன் நிகர் என ஏற்றும், குடும்பத்திலும் திருச்சபையிலும் தலைமை ஆணுக்குரியது என்றது. இருசாராரும் சான்று காட்டுவது அதே அதிகாரங்களையே.

இனி, தமிழ்ச்சொல்லை நோக்குவோம். ‘துணை’ என்பதற்கு உதவி, இணை, அளவு, ஒப்பு எனப் பல பொருள்கள் உண்டு. ‘தினைத்துணை’ என்பதில் அது அளவு. கடிதத்தின் தலைப்பில் ‘கடவுள் துணை’ என எழுதுகையில் அது நம்மினும் மேலானவரின் உதவி. துணைவன், துணைவி என இருபாலுக்கும் அச்சொல் பொதுவாக நிற்கிறது. உதவி, ஒப்பு என்னும் எபிரேயத் தொடரின் இரு கூறுகளையும் ‘துணை’ என்னும் ஒரு சொல்லே தாங்குகிறது.

எனினும், துணைத்தலைவர், துணைவினை போன்ற வழக்குகளில் பழகிய இன்றைய மாணவர், ‘துணை’ என்றதும் இரண்டாம் நிலையையே எண்ணக்கூடும். சொல்லாராய்ச்சி மட்டும் இறையியல் வழக்கைத் தீர்த்துவிடாது. பவுலின் திருமுகங்களும் திருச்சபை மரபும் அங்கே எடைபோடப்படும். ஆயினும், பெண் தாழ்ந்தவள் என்பதற்குத் ‘துணை’ என்னும் சொல்லைச் சான்றாக ஒருவர் காட்டுவாராயின், அச்சான்று நில்லாது என்பதை மொழியாசிரியர்களாகிய நாம் வகுப்பறையில் தெளிவுறக் கூறலாம், கூறவும் வேண்டும்.