'பெரும்பாலானோர்' யார்?

போர்ச் செய்தி என்றதும் நாம் முதலில் எண்ணிக்கையைத்தான் சந்தேகிக்கிறோம். எத்தனை பேர் செத்தார்கள், எத்தனை விமானம் விழுந்தது, யார் கூட்டிச் சொல்கிறார்கள் என்று பார்க்கிறோம். அதற்கும் முன்னால் கேட்கவேண்டிய ஒன்று உண்டு என்பது 1941 டிசம்பரில் பினாங்கில் நடந்ததைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. செய்தியில் வரும் 'மக்கள்' யார்?

டிசம்பர் 8 அன்று ஜப்பானியர் கோத்தா பாருவில் கரையிறங்கினார்கள். நாங்கள் தயார், ஏற்பாடுகள் எல்லாம் பக்கா என்று பிரிட்டிஷ் தளபதி புரூக்-பாப்பம் அன்றைக்கே அறிக்கை விட்டார். இரண்டே நாளில் 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்', 'ரிப்பல்ஸ்' என்ற இரண்டு பெரிய போர்க்கப்பல்களும் குவாந்தான் கடலில் மூழ்கின. 11ஆம் தேதி ஜார்ஜ் டவுன்மீது குண்டு விழுந்தது. ஜனங்கள் பதுங்கவில்லை. விமானங்களை வேடிக்கை பார்க்கத் தெருவுக்கு வந்து நின்றார்கள். பயப்படவேண்டும் என்று அதுவரை யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லையே! நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள்.

அடுத்த சில இரவுகளில் தீவிலிருந்த ஐரோப்பியர்கள் சத்தமில்லாமல் கப்பலேறினார்கள். சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லாரும் அங்கேயே விடப்பட்டார்கள். பிறகு சிங்கப்பூர் வானொலியில் அமைச்சர் டஃப் கூப்பர் பேசினார். பினாங்கு மக்களில் பெரும்பாலானோர் பத்திரமாக வெளியேற்றப்பட்டுவிட்டதாகச் சொன்னார்.

இதைப் பொய் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. அவர் மனக்கணக்கில் வெள்ளைக்காரர்கள் மட்டும்தான் 'மக்கள்'. அந்தக் கணக்கின்படி அவர் சொன்னது சரிதான். பயங்கரமே அதில்தான் இருக்கிறது. பொய் சொல்பவனுக்காவது உண்மை எதுவென்று தெரியும். சிங்கப்பூரில் கேட்டுக்கொண்டிருந்த ஆசியர்களுக்கு விஷயம் உடனே புரிந்தது. எழுந்த கோபத்தில், இனி வெளியேற்றத்தில் இனப்பாகுபாடு இருக்காது என்று ஆளுநர் ஷென்டன் தாமஸ் வாக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று.

கணக்கில் வராதவர்களில் ஒருவர் மாணிக்கசோதி சரவணமுத்து. இலங்கைத் தமிழர், 'ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ' பத்திரிகையின் ஆசிரியர். அவரும் மற்ற உள்ளூர்ப் பிரமுகர்களும் குழு அமைத்துத் தீவைக் கவனித்துக்கொண்டார்கள். கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கியவர் அவர்தான். பினாங்கு வானொலி வழியாக ஜப்பானியருக்கே ஒரு தகவலும் போனது: பிரிட்டிஷார் போய்விட்டார்கள், குண்டு போடாதீர்கள். குண்டுவீச்சு நின்றது. ஒரு பத்திரிகையாளர் சொன்ன செய்தியை அன்று எதிரி நம்பினான்! 19ஆம் தேதி ஜப்பானியர் தீவுக்குள் வந்தார்கள். பிற்பாடு அவரையும் சிறையில் போட்டார்கள்.

இராணுவ அறிக்கைகளிலும் ஏமாறாமல் படிக்க ஒரு வழி இருந்தது. பெயரடைகளை விட்டுவிட்டு ஊர்ப் பெயர்களை மட்டும் பார்ப்பது. ஜித்ரா, கம்பார், சிலிம் ரிவர். 1942 ஜனவரி 11இல் கோலாலம்பூர். 'திட்டமிட்ட பின்வாங்கல்' என்று எத்தனை தடவை சொன்னாலும், பள்ளிக்கூடத்து வரைபடம் ஒன்று கையில் இருந்தால் ஊர்கள் தெற்கே நகர்வது தெரிந்துவிடும். பிப்ரவரி 15இல் சிங்கப்பூரும் விழுந்தது.

அடுத்து வந்தது ஜப்பானியரின் முறை. அவர்கள் கூச்சமே இல்லாமல் பொய் சொன்னார்கள். 1944 அக்டோபரில் தைவான் அருகே 11 அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல்களை மூழ்கடித்ததாக டோக்கியோ அறிவித்தது. உண்மையில் ஒன்றுகூட மூழ்கவில்லை. சிற்றலை வானொலி கேட்பதே குற்றமாகிவிட்ட காலம், சரிபார்க்க வழியில்லை. ஆனால் ஊர்ப் பெயர்களை அவர்களாலும் மறைக்க முடியவில்லை. ஜூலையில் சைபான், அக்டோபரில் லெய்தே. வெற்றிமேல் வெற்றி பெறும் படை ஏன் ஒவ்வொரு முறையும் தன் வீட்டுக்குப் பக்கத்தில் வந்து சண்டை போடுகிறது?

சயோனான் காலத்து ஆங்கிலப் பத்திரிகைகள் சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் மின்தொகுப்பில் கிடைக்கின்றன. தேதியில் 1942க்குப் பதிலாக 2602 என்று ஜப்பானிய ஆண்டு இருக்கும். பக்கத்தில் ஒரு வரைபடத்தை வைத்துக்கொண்டு படித்துப் பாருங்கள்.