திருப்பத்தூர் ஜெபாலயம்: மருத்துவ ஊழியமும் ஆலய வடிவமும்

சென்னையினின்று கரையான்சாவடி, பூந்தமல்லி வழியாக மேற்கே செல்லும் பெருவழியை மருத்துவ ஊழியத்தின் வழி எனலாம். இராணிப்பேட்டையில் 1866-இல் ஸ்கடர் குடும்பத்தாரின் மருத்துவப் பணி தொடங்கிற்று. வேலூரில் 1902-இல் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையாரின் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறக்கப்பெற்றது. கொடையாளர் ஒருவர் மறைந்த தம் மனைவியின் நினைவாக அளித்த பத்தாயிரம் டாலரால் அது எழுந்தது. இங்ஙனம் நம் மருத்துவமனைகளும் ஆலயங்களும் பல, தனியொருவர் நினைவைத் தாங்கி நிற்கின்றன. அப்பெருவழியினின்று விலகி அமைந்த திருப்பத்தூரிலோ, எவர் பெயரையும் தாங்காது, ஜெபாலயம் என்றே வழங்கும் ஆலயம் ஒன்று உளது. அதன் வரலாற்றையும் வடிவத்தையும் ஈண்டு நோக்குவோம்.

தோற்றம்

டாக்டர் சவரிராயன் ஏசுதாசன், ஸ்காத்லாந்தைச் சேர்ந்த டாக்டர் எர்னெஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன் ஆகிய இருவரும் 1921-இல் கிறிஸ்துகுல ஆசிரமத்தை நிறுவினர். மணம் புரியாது, கதருடுத்தி, எளிய உணவுண்டு, ஏழை நோயாளருக்கு மருத்துவம் செய்தனர். ஏசுதாசன் ‘பெரியண்ணன்’ எனவும், பேட்டன் ‘சின்னண்ணன்’ எனவும் அழைக்கப்பெற்றனர். மிஷனெரி தலைமை தாங்க, இந்திய ஊழியர் அவர்கீழ்ப் பணிபுரிந்த காலம் அது. அக்காலத்தில் ஐரோப்பியர் ஒருவர் தம்பியின் இடத்தை ஏற்றது சிறு செயலன்று. கதரணிந்திருந்த பேட்டன் 1932-இல் சென்னைத் தெருவிலே காவலரால் தாக்கப்பட்டார். அச்செய்தி பிரித்தானியப் பாராளுமன்றம் வரை எட்டியது.

வடிவம்

1924-இல் பிரதிஷ்டை செய்யப்பெற்ற மேதக்குப் பேராலயம் கோதிக் முறையைப் பின்பற்றியது. பேராயர் அசரியாவின் தோர்ணக்கல் பேராலயமோ, இந்தியக் கட்டடக் கலைமரபுகள் பலவற்றை இணைத்து 1939-இல் நிறைவெய்தியது. அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே எழுந்த திருப்பத்தூர் ஜெபாலயம், கோபுரமும் தூண்கள் நிறைந்த மண்டபமுமாகத் தென்னாட்டுக் கோயில் முறையைத் தழுவியது. உயர்ந்து கூர்மையாகும் கோதிக் வளைவு கண்ணை மேலே இழுக்கிறது. கோயிலமைப்போ, வருபவனைப் படிப்படியாக உள்ளே அழைத்து அமரச் செய்கிறது. தியானத்திற்கு இது ஏற்றதென ஆசிரமத்தார் கண்டனர்.

மதிப்பீடு

எனினும் ஒரு வினாவை நாம் தவிர்த்தல் இயலாது. நம் சபையாரில் பெரும்பகுதியினரின் முன்னோர், கோபுர வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள். அவர்களுக்குக் கோபுரம் அழகின் சின்னம் மட்டுமன்று, விலக்கின் சின்னமுமாகும். கோயிலமைப்பில் உள்ளே செல்லுந்தோறும் உரிமை சுருங்கிற்று. ஆகவே, ‘சுதேச வடிவம்’ என்னும்போது அது யாருடைய சுதேசம் எனக் கேட்பது தகும். தலித் இறையியலார் எழுப்பிய இவ்வினா நியாயமானதே.

ஆயின் காலத்தையும் கருதுதல் வேண்டும். மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் ஒடுக்கப்பட்டோர் நுழைந்தது 1939 சூலையில். அதற்கு முன்னரே, பிறப்பு எதுவெனக் கேளாத கோபுரவாயில் ஒன்று திருப்பத்தூரில் திறந்திருந்தது. அவ்வாயிலுக்குப் பொருள் தந்தது சிற்பமன்று. எவர் புண்ணையும் தொட்டுக் கழுவிய மருத்துவப் பணியே. தொடுதலைத் தீட்டென்ற சமுதாயத்தில், தொட்டுக் குணமாக்கியவர்கள் அவ்வாலயத்தை எழுப்பினர். மருத்துவப் பணியை நீக்கிவிட்டு வடிவத்தை மட்டும் நகலெடுப்போமாயின், பழைய மதிலையே மீண்டும் கட்டியவராவோம்.

இன்றும் கல்லறைத் தோட்டத்தில் சாதிக்கொரு பகுதி வகுக்கும் சபைகள் நம்மிடையே உள்ளன. எபேசியர் நிருபம் இரண்டாம் அதிகாரம் கூறும் நடுச்சுவர் அங்கு இடிக்கப்படவில்லை. புதிய ஆலயத்திற்கு வரைபடம் கேட்கும் போதகர், கோபுரமா கூர்மாடமா என ஆராயுமுன், தம் சபையில் எச்சுவர் இன்னும் நிற்கிறதென ஆராய்வாராக.