செஞ்சியைப் பிடித்த ஏழரை

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்கு பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியே செஞ்சிக் கோட்டையைப் பார்த்து, ‘அதோ, தேசிங்கு ராஜா கோட்டை’ என்று பிள்ளைகளுக்குக் காட்டுவது வழக்கம். பாவம், தேசிங்கு அங்கே ஒரு வருஷம்கூட முழுசாக ஆளவில்லை. 1714-ல் ஆற்காடு நவாபோடு மோதி இளம் வயதிலேயே உயிரைவிட்டார். சண்டைக்குக் காரணம் வரிப் பாக்கி!

2025-ல் யுனெஸ்கோ, மராட்டியர்களின் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதில் 11 மகாராஷ்டிராவில் இருக்கின்றன. பன்னிரண்டாவது செஞ்சி. நம்மூர்க் கோட்டைக்கு அங்கே என்ன வேலை?

1677-ல் பீஜப்பூர் சுல்தானின் ஆட்களிடமிருந்து சிவாஜி பறித்த கோட்டை இது. ‘இவ்வளவு தூரத்தில் எதற்கு ஒரு கோட்டை?’ என்று அன்றைக்குச் சிலர் நினைத்திருக்கலாம். பதில் 12 வருஷம் கழித்துக் கிடைத்தது. 1689-ல் சிவாஜியின் மூத்த மகன் சாம்பாஜியை ஒளரங்கசீப் கொன்றுவிட, தலைநகர் ராய்கட்டும் பறிபோனது. இளைய மகன் ராஜாராம் மாறுவேஷத்தில் தெற்கே தப்பி ஓடிவந்தார். எங்கே? செஞ்சிக்குத்தான்! மராட்டிய அரசாங்கமே இங்கே குடிவந்துவிட்டது.

ஒளரங்கசீப் சும்மா விடுவாரா? 1690-ல் தளபதி ஜுல்ஃபிகர் கான் பெரும்படையோடு வந்து இறங்கினார். முற்றுகை முடிந்தது 1698-ல். ஆமாம், கிட்டத்தட்ட ஏழரை வருஷம்! சனி பிடித்தது கோட்டைக்கா, முற்றுகையிட்ட படைக்கா என்பதுதான் கேள்வி.

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகளையும் வளைத்து மைல் கணக்கில் மதில். அத்தனையையும் சுற்றி நின்று அடைக்க மொகலாயர்களிடம் ஆள் போதவில்லை. ராஜகிரி அடிவாரத்தில் நெற்களஞ்சியங்கள் இருக்கின்றன. மலை ஏறும் அவசரத்தில் பலரும் கவனிக்காமல் தாண்டிவிடும் இடம். நீங்கள் உள்ளே போய், அண்ணாந்து பாருங்கள். எனக்கு பி.காம். புத்தி, பீரங்கியைவிடக் களஞ்சியம்தான் முதலில் கண்ணில் படும். உள்ளே இருப்பவனுக்கு நெல்லும் தண்ணீரும் இருக்கிறவரை, வெளியே நிற்பவனுக்குத்தான் தினச் செலவு!

அப்படியே ஆனது. 1692 கடைசியில் சந்தாஜி, தனாஜி என்ற இரண்டு மராட்டியத் தளபதிகள் வெளியிலிருந்து வந்து மொகலாயர்களுக்குத் தானியம் வரும் வழியை வெட்டினார்கள். முற்றுகையிட்டவர்கள் முற்றுகைக்குள் மாட்டிக்கொண்டு பட்டினி! போதாக்குறைக்கு, கூடாரத்தில் இருந்த ஒளரங்கசீப்பின் செல்ல மகன் காம் பக்‌ஷ், ராஜாராமோடு ரகசியமாகப் பேசுவது தெரிந்துபோய், பாதுஷாவின் பிள்ளையைத் தளபதியே கைது செய்ய வேண்டியதாயிற்று. 1693 ஆரம்பத்தில் படை வந்தவாசிக்குப் பின்வாங்கியது. பிறகு மறுபடியும் வந்தார்கள்.

இதையெல்லாம் கூடவே இருந்து பார்த்து எழுதி வைத்த ஒருவர் இருக்கிறார். பீம்சேன். மொகலாயர் தரப்பில் போரிட்ட தல்பத் ராவ் என்ற பூந்தேலா தலைவரிடம் எழுத்து வேலை பார்த்தவர். ஜுல்ஃபிகர் கான் நினைத்திருந்தால் வந்த அன்றைக்கே கோட்டையைப் பிடித்திருக்கலாம், ஆனால் சண்டையை இழுத்துக்கொண்டே போவதுதான் தளபதிகளின் வழக்கம் என்கிற ரீதியில் போட்டு உடைக்கிறார் மனிதர். போர் நடக்கிறவரைதானே பதவி, படை, பணம் எல்லாம்? வந்த அன்றைக்கே பிடிப்பது என்பது கொஞ்சம் மிகை. ஆனால் உள்ளுக்குள் எதிரியோடு தளபதிக்கு ஒரு ‘அண்டர்ஸ்டாண்டிங்’ இருந்தது என்ற சந்தேகம் அப்போதே பலருக்கு இருந்தது. கடைசியில் கோட்டை விழுந்தபோது ராஜாராம் உள்ளே இல்லை. தப்பி, வேலூர் வழியாக மகாராஷ்டிரா போய்ச் சேர்ந்திருந்தார். குடும்பத்தினர்தான் சிக்கினார்கள்.

ஏழரை வருஷச் செலவுக்கு பாதுஷா கையில் வந்தது ஒரு காலிக் கோட்டை. சுற்றுப்புறத்துக் குடியானவன் இரண்டு படைக்கும் தீனி போட்டதற்கு எந்தப் பேரேட்டிலும் கணக்கில்லை.

இத்தனை பேரை அலைக்கழித்த இதே செஞ்சியை 1750-ல் பிரெஞ்சுக்காரர் புஸ்ஸி ஒரே ராத்திரியில் பிடித்தார். அதே மதில்தான், அதே மலைதான். ஆனால் உள்ளே இருந்தவர்கள், வேறொரு சண்டையில் தோற்று, மூச்சுவாங்க ஓடிவந்து ஒளிந்தவர்கள். விடிவதற்குள் கதை முடிந்தது. அடுத்த முறை புதுச்சேரி பீச்சுக்குப் போனால், காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் உயரமான கல்தூண்களைக் கொஞ்சம் நின்று பாருங்கள். அவை செஞ்சியிலிருந்து பெயர்த்துக்கொண்டு போனவை.